ஐம்பத்திரண்டும் பதினொன்றும்

ஒரே கையிலிருந்து ஒரே ஊசியில் எடுத்த ரத்தம். ஆய்வகத்தின் வலப்பக்க மேசையில் இருந்த கருவி அதற்கு ஐம்பத்திரண்டு என்று எண் கொடுத்தது. இடப்பக்க மேசையில் இருந்தது பதினொன்று என்றது.

டாக்டர் ஹெப்சிபா முதலில் ரத்தத்தைச் சந்தேகிக்கவில்லை. அது வந்த வழியைத்தான் சந்தேகித்தாள். கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாதிரிகளைச் சுமந்து வரும் ட்ரோன்கள் சித்திரை வெயிலில் சூடேறிப்போவதுண்டு. குழாயில் ரத்தம் ஒரு கோடு குறைந்திருந்தாலும் கணக்கு தப்பும். இருபத்தாறு ஆண்டுகளாக ரத்தம் உறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். இரண்டு முடிவுகள் முட்டிக்கொண்டால் பெரும்பாலும் தப்பு குழாயில்தான் இருக்கும் என்பது அவள் அனுபவம். எனவே அந்த ஆளையே நேரில் வரவழைத்தாள்.

வந்தவர் பெயர் உலகநாதன். நாற்பத்தொரு வயது. ஐம்பது கிலோ தாண்டாத ஒல்லியான உடம்பு. கோவில்பட்டியில் மின்சார ஆட்டோக்களுக்கு பேட்டரி பழுது பார்ப்பவர். வலது முழங்கால் முழுதாக மடங்காததால் காலை நீட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கையின் உட்புறம் ஊசித் தழும்புகள் வரிவரியாக இருந்தன. ஹெப்சிபா தன் கையாலேயே ரத்தம் எடுத்து, பத்தாவது நிமிடம் இரண்டு கருவிகளிலும் வைத்தாள். ஐம்பத்தொன்று. பதினொன்று. மிச்சத்தை வேறு மாநிலத்து ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினாள். ஐம்பத்து மூன்று, பத்து என்று பதில் வந்தது.

தப்பு குழாயில் இல்லை.

உலகநாதன் ஹீமோபிலியாவோடு பிறந்தவர். காயம் பட்டால் ரத்தத்தை நிறுத்துகிற எட்டாம் நம்பர் ஃபேக்டர் நல்ல உடம்பில் ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவருக்கு ஒன்றுகூட இல்லை. சின்ன வயதில் ஓடி விளையாடினால் முழங்காலுக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கும். கல்யாணத்துக்குப் பிறகு அவர் மனைவி செண்பகவல்லி ஊசி போடக் கற்றுக்கொண்டாள். வாரம் மூன்று தடவை, பதினொரு ஆண்டுகள், வீட்டிலேயே அவள்தான் அவருக்கு ஃபேக்டர் ஏற்றினாள். அப்புறம்தான் ஜனங்கள் ஒற்றை ஊசி என்று சொல்லும் மரபணு மருந்து வந்தது. ஒரே ஒரு தடவை போட்டால் போதும், ஈரல் தானாகவே ஃபேக்டரைச் செய்ய ஆரம்பிக்கும்.

ஒற்றை ஊசியோடு கூடவே குணமடைந்தோர் சட்டமும் வந்தது. பரிசோதனையில் நாற்பதுக்கு மேல் எண் வந்தால் நோயாளிப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். குணச் சான்று கொடுப்பார்கள். அன்றோடு இலவச ஃபேக்டர் நிற்கும். ஆனால் அந்தச் சான்று இருந்தால் கனரக வாகன உரிமம் கிடைக்கும், தொழிற்சாலையில் வேலை கிடைக்கும், பெண் கேட்டுப் போகும்போது யாரும் ரத்தத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். ஆறு ஆண்டுகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு பேர் குணமானார்கள். அதில் அறுநூறுக்கும் மேற்பட்ட சான்றுகளில் ஹெப்சிபாவின் கையெழுத்து இருந்தது.

அத்தனையும் வலப்பக்க மேசைக் கருவியின் எண்ணை வைத்துப் போட்ட கையெழுத்து. ரத்தம் உறைகிற நேரத்தை வைத்து அளக்கும் அந்த ஒரு முறையைத்தான் சட்டம் கேட்டது. இடப்பக்கக் கருவி நிறம் மாறுவதை வைத்து அளப்பது. அதை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டது உறுப்புதானக் குழு. உலகநாதன் தன் சிறுநீரகங்களில் ஒன்றை மனைவிக்குக் கொடுக்க விண்ணப்பித்திருந்தார். ஹீமோபிலியாவிலிருந்து குணமான ஒருவர் உறுப்பு தானம் செய்ய வருவது அதுதான் முதல் தடவை என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறையிலும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

ஹெப்சிபா உறைபெட்டியைத் திறந்தாள். குணமானவர்களின் பழைய மாதிரிகளில் முப்பதை எடுத்து இடப்பக்கக் கருவியில் வைத்தாள். ஒன்பது, பதினான்கு, எட்டு, பன்னிரண்டு. ஒன்றுகூட இருபதைத் தொடவில்லை.

திட்டத்தின் இயக்குநர் டாக்டர் கோமதிநாயகத்திடம் அன்றைக்கே போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் அல்லர். வீங்கிய மூட்டுகளோடு பையன்கள் வார்டில் கத்திக் கத்திச் செத்த காலத்தில் பயிற்சி டாக்டராக இருந்தவர். ஒற்றை ஊசியை இந்த ஜில்லாவுக்குக் கொண்டுவர அவர் ஏறி இறங்காத படி இல்லை. முப்பது எண்களையும் நிதானமாகப் படித்தார். ஆறு வருஷத்தில் இவர்களில் யாரும் ரத்தம் கொட்டிச் சாகவில்லையே என்றார். சாலை விபத்தில் மூன்று பேர் செத்திருக்கிறார்கள், விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள், ரத்தம் நின்றதா என்று யாரும் பார்க்கவில்லை என்றாள் ஹெப்சிபா. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதுல எது நிஜம்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா, ஹெப்சிபா?"

"முடியாது சார்."

"முடியாதப்போ சட்டத்துல என்ன இருக்கோ அத எழுதுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரக் கூப்பிட்டு, நீங்க குணமாயிட்டீங்களா இல்லையான்னு எங்களுக்கே தெரியலன்னு நான் சொல்ல முடியாது."

தானக் குழுவின் விண்ணப்பத்தில் ஃபேக்டர் அளவுக்கென்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு எண்தான் கொள்ளும். நாற்பதுக்குக் கீழே எதை எழுதினாலும் கணினியே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். குறிப்பு எழுத இடம் கிடையாது.

மூன்று நாள் கழித்து முடிவு கேட்டு உலகநாதன் வந்தார். ஹெப்சிபா மறைக்கவில்லை, இரண்டு எண்களையும் சொன்னாள். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மிஷின்ல ஒண்ணு கெட்டுப்போச்சா டாக்டரம்மா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் வேற வேற விஷயத்தப் பாக்குது. தீக்குச்சிய உரசினா எவ்வளவு சீக்கிரம் பத்திக்குதுன்னு ஒண்ணு பாக்குது. பத்தினது எவ்வளவு நேரம் நின்னு எரியுதுன்னு இன்னொண்ணு பாக்குது. உங்க ஈரல் இப்போ செய்யறது இயற்கையான ஃபேக்டர் இல்ல. மனுஷன் வெட்டிச் சுருக்கி மாத்தினது. அது சட்டுனு பத்திக்குது. நின்னு எரியுமான்னுதான் தெரியல."

"எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தவுக. மருந்து கொறஞ்ச குச்சி அப்படித்தான். சுர்ருன்னு பத்தும், திரிகிட்ட கொண்டு போறதுக்குள்ள அணைஞ்சிரும்."

"அப்படி இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம்."

"அறுத்தாத்தான் தெரியும்ங்கீக."

ஹெப்சிபா தலையாட்டினாள். அவர் காலை இழுத்துச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார். செண்பகவல்லிக்கு டயாலிசிஸ் செய்யப் போட்ட கை நரம்பு இரண்டு தடவை அடைத்துவிட்டது. மூன்றாவதும் அடைத்தால் ஊசி போட இடமில்லை. அவள் தம்பியின் சிறுநீரகம் பொருந்தவில்லை. சென்னையில் ஆய்வகத்தில் வளர்த்துத் தருகிற சிறுநீரகத்துக்கு ஆறு வருஷம் காத்திருக்க வேண்டும்; அவளுக்கு ஆறு மாதம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவர் அழாமல், பேட்டரியில் என்ன பழுது என்று விளக்குகிற தோரணையில் சொன்னார்.

"ஒண்ணுக்கும் கீழ வச்சுக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவன் நான். பதினொண்ணுங்கது எனக்கு ரொம்பப் பெரிசு டாக்டரம்மா. ஐம்பத்திரெண்டுன்னு எழுதிக் குடுங்க."

சாதாரணமாக இதற்கு வழி உண்டு. அறுவைக்கு முன்பு வெளியிலிருந்து ஃபேக்டர் ஏற்றினால் போதும். ஆனால் ஃபேக்டர் வேண்டுமென்றால் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பவர் நோயாளி. நோயாளியிடமிருந்து உறுப்பு எடுக்கச் சட்டம் அனுமதிக்காது. ஹெப்சிபா அதை அவருக்கு விளக்கத் தேவைப்படவில்லை. அந்தச் சுற்றை அவர் ஏற்கெனவே முழுசாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

எழுந்துகொள்ளும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "இந்தப் பதினொண்ணு அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா கிட்னிய வாங்கிக்கமாட்டா."

ஹெப்சிபா ஒரு வாரம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வைத்திருந்தாள். பிறகு அறுவை நிபுணர் டாக்டர் ரெஹானாவைப் பார்க்கப் போனாள். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள்; ஒருவரிடம் ஒருவர் பூசி மெழுகத் தேவையில்லாதவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார்கள். மருந்தகத்தில் தேதி முடியப்போகிற ஃபேக்டர் குப்பிகளை அழிப்பதற்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அதில் நான்கைத் தன்னால் எடுக்க முடியும் என்றாள் ரெஹானா. மயக்கம் கொடுத்தபின் உலகநாதனுக்கு ஏற்றிவிடலாம். எந்தத் தாளிலும் எழுதக் கூடாது. எந்த எண்ணை நம்பி அளவு போடுவது என்று கேட்டாள். குறைவானதை நம்புவோம் என்றாள் ஹெப்சிபா. ரத்தம் நிற்காமல் போவதுதான் அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்த பயம்.

இரண்டாயிரம் யூனிட் என்று முடிவாயிற்று. அறுவைக்குப் பிறகு படுத்த நோயாளிகளுக்கு ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு நீர்ப்பு மருந்து கொடுப்பது வழக்கம். பதினொன்றை நம்புகிறபோது அதைக் கொடுக்க முடியாது. அதையும் நிறுத்தினார்கள். குப்பிகளைப் பற்றி உலகநாதனிடம் மட்டும் சொன்னார்கள். அவர் சரி என்று தலையசைத்தார். ஹெப்சிபா கட்டத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அறுவை நடந்தது. ஹெப்சிபா உள்ளே போகவில்லை. வெளியே தாழ்வாரத்தில் நின்றாள். ரத்தக் கட்டி எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்று பார்த்து ஃபேக்டர் அளவைக் காட்டுகிற கருவி ஒன்று தியேட்டரில் உண்டு. ரெஹானா குப்பிகளை ஏற்றிய பிறகு அதில் பார்த்தாள். நூற்று முப்பது காட்டியது. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் சில சமயம் அவ்வளவு இருக்கும். எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்தான், ஆனால் குறைவாக இருந்திருந்தால்தானே பயப்பட வேண்டும். வெட்டிய இடங்கள் காய்ந்த துணிபோல இருந்தன. இரண்டு மணி நேரத்தில் சிறுநீரகம் செண்பகவல்லியின் உடம்பில் வேலை செய்ய ஆரம்பித்தது. ரெஹானா வெளியே வந்து ஹெப்சிபாவின் தோளை அழுத்திவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை உலகநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். செண்பகவல்லியை வைத்திருந்த அறையின் கண்ணாடி வரைக்கும் போனார். கண்ணாடிக்கு உள்ளே இருந்து அவள் நிற்காதீங்க, போய்ப் படுங்க என்று கையால் விரட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் மூச்சு வாங்குகிறது என்றார். காலில் கட்டியிருந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருந்தது. பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரத்தம் நிற்காத நோயோடு பிறந்தவர், ரத்தம் உறைந்து செத்தார். அறுவைக்குப் பிந்தைய சிக்கல் என்று எழுதினார்கள்.

ஹெப்சிபா அன்றைக்குக் கணக்குப் போடவில்லை. மறுநாள் போட்டாள். கிலோவுக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் இரண்டு கூடும். ஐம்பது கிலோ உடம்பில் இரண்டாயிரம் யூனிட் ஏற்றினால் எண்பது கூடும். பதினொன்றோடு எண்பது சேர்ந்தால் தொண்ணூற்றொன்று. ஐம்பத்திரண்டோடு எண்பது சேர்ந்தால் நூற்று முப்பத்திரண்டு. தியேட்டர் கருவி காட்டியது நூற்று முப்பது.

ஆக ஐம்பத்திரண்டுதான் உண்மை. அவருக்கு எந்தக் குப்பியும் தேவைப்பட்டிருக்கவில்லை. வேண்டாத ஃபேக்டரை ஏற்றி, வேண்டிய நீர்ப்பு மருந்தை நிறுத்தி, நல்லாயிருந்த மனிதரைத் தானும் ரெஹானாவும் சேர்ந்து கொன்றுவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த வாரம் முழுக்க அவளால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கின் அடியில் ஒரு ஆறுதல் இருந்தது, அதை நினைக்கவே அவளுக்குக் கூசியது. மற்ற ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் உண்மையிலேயே குணமானவர்கள். அவள் போட்ட அறுநூறு கையெழுத்தும் பொய்யில்லை.

ஆஸ்பத்திரி மரணங்களை ஆராயும் விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். குப்பிகள், அளவு, நேரம், யார் யாருக்குத் தெரியும், எல்லாவற்றையும் எழுதினாள். ரெஹானாவிடம் காட்டியபோது அவள் ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை. கீழே தன் பெயரையும் போட்டாள். உறைவு முறை எண்ணே சரியானது என்பதை இந்த மரணம் காட்டுகிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். அனுப்புவதற்கு முன்னால் செண்பகவல்லி அதைத் தன் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையில் செண்பகவல்லியை அவள் தம்பி மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெப்சிபா போனது ஒரு பகல்நேரம். செண்பகவல்லி முகக்கவசம் போட்டு, சுவரோரம் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தின் வீக்கம் வடிந்து, புதுச் சிறுநீரகத்தின் தெளிச்சி வந்திருந்தது. அதைப் பார்க்கவே ஹெப்சிபாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கதவருகே தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு எண்களில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, நாங்கள் கொடுத்ததுதான் அவரைக் கொன்றது என்று சொல்லி முடித்தாள். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

செண்பகவல்லி அழவில்லை. எவ்வளவு போட்டீங்க என்று கேட்டாள்.

"ரெண்டாயிரம்."

தியேட்டரில் மிஷின் எவ்வளவு காட்டியது என்று கேட்டாள். ஹெப்சிபா சொன்னாள். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஒன்பதே கால் என்றாள் ஹெப்சிபா. செண்பகவல்லியின் விரல்கள் பாயின் ஓரத்தில் ஒவ்வொன்றாக மடங்கின. பதினொரு ஆண்டுகள் ஊசி போட்டவள். கிலோவையும் யூனிட்டையும் பெருக்க அவளுக்குத் தாள் வேண்டியதில்லை.

"டாக்டரம்மா, நான் ஒரு ஆயிரம் போட்டேன்."

ஹெப்சிபாவுக்கு முதலில் விளங்கவில்லை. செண்பகவல்லி சொன்னாள். குணச் சான்று வாங்கியபோது வீட்டிலிருந்த குப்பிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கொடுத்தவள் ஒன்றை மட்டும் ஃபிரிட்ஜில் காய்கறிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள். ஒரே ஊசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று உலகமே சொன்னாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அறுவைக்கு வந்தபோது ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் அதைக் கொண்டுவந்தாள். அன்று காலை ஆறு மணிக்கு, இருவரையும் தியேட்டருக்கு அழைத்துப் போவதற்கு முன்பு, திரையை இழுத்துவிட்டு அவருக்கு ஏற்றினாள்.

"வேண்டாம்னுதான் மொதல்ல சொன்னாக. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாக. உனக்கு மனசு ஆறும்னா போடுன்னு கைய நீட்டிட்டாக."

அடுத்து அவள் சொன்னது ரொம்பச் சன்னமாக வந்தது. "ஐம்பது கிலோ. என் ஆயிரத்துக்கு நாப்பது. உங்க ரெண்டாயிரத்துக்கு எம்பது. நூத்தியிருபது ஆச்சு. மிச்சம் பத்துதானே வருது."

ஹெப்சிபா அந்தக் கழித்தலை மனசுக்குள் மூன்று தடவை செய்து பார்த்தாள். பத்துதான் வந்தது. ஆறு மணிக்கும் ஒன்பதே காலுக்கும் நடுவில் கொஞ்சம் கரைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பத்திரண்டு வரவே வராது. உலகநாதனின் ரத்தம் பதினொன்றாக இருந்திருக்கலாம். அவர் கடைசிவரை நோயாளியாகவே இருந்திருக்கலாம். வெளியே ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் அதே ரத்தத்தோடு, வீட்டில் ஒரு குப்பிகூட இல்லாமல், லாரி ஓட்டிக்கொண்டும் சாரத்தில் ஏறிக்கொண்டும் இருக்கிறார்கள்.

செண்பகவல்லிக்கு வேறொன்று புரிந்துகொண்டிருந்தது.

"நீங்க போடப் போறீகன்னு அவுகளுக்குத் தெரியுமா?"

ஹெப்சிபா பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுதான் எங்கிட்டயும் கைய நீட்டுனாகளா."

ஒரு குப்பி கூடுதலானால் என்ன ஆகிவிடும் என்று அவர் நினைத்திருப்பார். டாக்டர்களே போடப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தால் எதற்கு என்று அவள் கேட்டிருப்பாள். பதினொன்று வெளியே வந்திருக்கும். சிறுநீரகம் வேண்டாம் என்று கட்டிலை விட்டு இறங்கியிருப்பாள். சொல்லாமல் இருந்ததால் இப்போது அவள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள்.

ஹெப்சிபா பையிலிருந்த கடிதத்தைத் தொட்டாள். நீங்கள் போட்டதை யாரிடமும் சொல்லவேண்டாம், நான் எழுதமாட்டேன், பழி முழுக்க எங்கள்மேல் இருக்கட்டும் என்றாள். அவளால் அந்த நேரத்தில் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

செண்பகவல்லி முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள். "அத எழுதலன்னா என்ன ஆகும்?"

"ஐம்பத்திரண்டுதான் சரின்னு ஆகும்."

"எழுதுனா?"

"எதுன்னு தெரியலன்னு ஆகும். மறுபடி எல்லாருக்கும் ஃபேக்டர் குடுக்க வேண்டி வரும்."

"அப்ப எழுதுங்க." மறுபடியும் சொன்னாள். "குடும்பத்துல ஒருத்தர்னு எழுதாதீக. எம் பேரப் போட்டு எழுதுங்க. நாளைக்கு அப்படி யாரும் சொல்லவே இல்லன்னு ஆக்கிருவாங்க."

ஹெப்சிபா அங்கேயே உட்கார்ந்து கடைசி வரியை அடித்துவிட்டு வேறு எழுதினாள். குப்பியின் அளவு, ஏற்றிய நேரம், எந்தக் கை என்பதுவரை செண்பகவல்லி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கீழே தன் பெயரைத் தானே எழுதினாள்.

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். செண்பகவல்லியை இரண்டு தடவை. டாக்டர்கள் தப்பிப்பதற்காக உங்களைச் சொல்ல வைத்தார்களா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அவள் காலிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது அவள் வீட்டுக்குக் கொடுத்ததுதான் என்று குழு ஒப்புக்கொண்டது. ஹெப்சிபாவின் உரிமத்தை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தினார்கள். ரெஹானாவை வடக்கே ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கோமதிநாயகம் விருப்ப ஓய்வில் போனார்.

இரண்டு எண்களில் எது சரி என்று முடிவு செய்ய முடியவில்லை என்று குழு எழுதியது. அது தெரியும்வரை, குணச் சான்று பெற்ற எல்லோருக்கும் மீண்டும் இலவச ஃபேக்டர் வழங்கலாம். பெறுவதற்கு அவர்கள் பதிவேட்டில் மறுபடி பெயர் சேர்க்க வேண்டும். பெயர் சேர்த்தால் சான்று ரத்தாகும். அதோடு உரிமமும், அதைக் காட்டி வாங்கிய வேலையும்.

அறிக்கையில் செண்பகவல்லியின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. உலகநாதனின் அண்ணன் வீட்டார் அதற்குப் பிறகு அவள் வாசலை மிதிக்கவில்லை.

நான்கு மாதம் ஆனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து பேருக்குக் கடிதம் போயிருந்தது. பெயர் சேர்க்க வந்தவர்கள் நூற்று நாற்பத்தெட்டு பேர்.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஹெப்சிபாவின் எண்ணை எப்படியோ கண்டுபிடித்துச் சிலர் பேசினார்கள். நன்றி சொல்ல அல்ல. தன் மகனுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, இன்னொரு கடிதம் வீட்டுக்கு வந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்றார் ஒரு தகப்பனார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிற ஒருவர், தனக்கு ஐம்பத்து நான்கு என்று எழுதிக்கொடுத்தது நீங்கள்தானே, அதை நம்பித்தான் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், இப்போது எப்படி எட்டு ஆகும் என்று கேட்டார். எட்டு என்று சொல்லவில்லை, தெரியாது என்றுதான் சொல்கிறோம் என்றாள் ஹெப்சிபா. தெரியாதென்றால் எனக்கு ஐம்பத்து நான்காகவே இருக்கட்டும் என்று அவர் வைத்துவிட்டார். பங்குனி மாதம் அருப்புக்கோட்டை சாலையில் ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர் செத்தார். இருபத்தாறு வயது. தொடையில் ஒரு வெட்டுதான். பத்திரிகையில் விபத்து என்று நாலு வரி வந்தது. அவர் பெயர் தன் அறுநூறில் உண்டா என்று ஹெப்சிபா தேடிப் பார்த்தாள். இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் செண்பகவல்லி போனில் பேசினாள். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்பதாகச் சொன்னாள். ஃபேக்டர் வாங்கப் போன நாட்களில் பார்த்துப் பழகிய, குணமான பையன் ஒருவன் அங்கே இருக்கிறான்; கல்குவாரியில் வேலை; கடிதம் போயும் பெயர் சேர்க்க வரவில்லை. டாக்டர்கள் சொன்னால்தானே கேட்கமாட்டார்கள், நான் சொல்லிப் பார்க்கிறேன் என்று பஸ் ஏறி வந்திருக்கிறாள். இது ஒன்பதாவது வீடு. எட்டு வீட்டிலும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பேச்சை எடுத்ததும் எழுந்து நின்றுகொண்டார்களாம். இங்கே பையனின் அம்மா அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, புருஷனுக்கு ஊசி போட்டுக் கொன்றவள்தானே என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

வெயிலில் நிற்கக் கூடாது, மாற்றுச் சிறுநீரகத்தோடு இப்படி ஊர் ஊராக அலையக் கூடாது, பேசாமல் திரும்பிப் போங்கள் என்று ஹெப்சிபா படபடவென்று சொன்னாள்.

"பக்கத்து வீட்டுல எத்தன கிலோ இருப்பான்னு கேட்டு வச்சுட்டேன்" என்றாள் செண்பகவல்லி. "அம்பத்தெட்டாம். ஷிப்டு முடிஞ்சு நாலு மணிக்கு வருவானாம். இங்க எதுத்தாப்ல ஒரு வேப்பமரம் இருக்கு. உக்காந்திருக்கேன்."

அப்போது மணி ஒன்றரை.